மனசாட்சிக்கு யார் முதலாளி?

ஓசூரில் ஷிப்ட் பஸ்களுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தால் தொரப்பள்ளி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகிற எல்லைப்புற ஊர். 1878 டிசம்பர் 10-ந் தேதி ராஜாஜி பிறந்தது இங்கேதான். அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

காந்தி ராஜாஜியைத் தன் மனசாட்சியின் காவலர் என்று சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் தவறாமல் வருகிற விஷயம். அந்தக் காவலர் என்ன காவல் காத்தார் என்பது மட்டும் பேச்சுப் போட்டிகளில் வராது. 1942-ல் காந்தி 'வெள்ளையனே வெளியேறு' என்று கிளம்பியபோது ராஜாஜி, "வேண்டாம், இது தப்பு" என்றார். காங்கிரஸை விட்டே விலகினார். காந்தி அதற்காகத் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. ராஜாஜியும் மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 1944-ல், ராஜாஜி போட்டுக் கொடுத்த திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் காந்தி ஜின்னாவோடு பேசப் போனார். இவர் அவருக்கு உத்தரவு போடவில்லை, அவர் இவரைக் கைகழுவவும் இல்லை.

(தங்கள் பிள்ளைகள் விஷயத்தில் இந்த இரண்டு பெரியவர்களும் இவ்வளவு தாராளமாக இல்லை. தேவதாஸும் லட்சுமியும் காதலிக்கிறோம் என்றதும், ஐந்து வருஷம் பிரிந்து இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் 1933-ல்தான் நடந்தது. இந்தக் கதைக்கும் நான் சொல்லப் போகிற கதைக்கும் சம்பந்தம் உண்டு.)

திரும்பி வர பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் ஓர் இளம்பெண். மடியில், பிளாஸ்டிக் கவருக்குள் பைபிள். பஸ் வரவில்லை, பேச்சு வந்தது. சொந்த ஊர் தர்மபுரி பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. நாலு பெண்களோடு வாடகை ரூமில் இருக்கிறார். நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், ஒண்ணு கேட்கலாமா?" என்றார்.

விஷயம் இதுதான். பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டியில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் கூடுதல். சபையில் பாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். "ஜெபிச்சுச் சொல்றேன்னாங்க சார். மூணு நாள் கழிச்சுக் கூப்பிட்டு, 'கர்த்தர் உன்னை ஓசூர்லதான் வெச்சிருக்கார், பெங்களூர் உனக்கு எகிப்து'ன்னாங்க." அதோடு நிற்கவில்லை. அதே சபையில் ஒரு பிரதரை இந்தப் பெண்ணுக்குக் கணவராகவும் கர்த்தர் காட்டிவிட்டாராம். இந்தப் பெண்ணுக்கு மட்டும் எதையும் காட்டவில்லை.

"உங்களுக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்காம்மா?" என்றேன்.

"பிடிக்கலை சார். ஆனா கர்த்தர் சொன்னதுக்கு எதிரா எப்படிப் போறது?"

அந்தச் சபையின் பெயரை எழுதப் போவதில்லை. ஒன்றின் பெயரை எழுதினால் அதே வேலையைச் செய்கிற மற்ற எல்லோரும் 'அது நாங்கள் இல்லையப்பா' என்று தப்பித்துக்கொள்வார்கள்.

கர்த்தர் அந்தப் பாஸ்டரிடம் பேசினாரா என்று விசாரிக்க எனக்கு வழியில்லை. ஆனால் சாதாரணக் கணக்கு போடத் தெரியும். அந்தப் பெண் மாதாமாதம் சம்பளத்தில் தசமபாகம் அந்தச் சபைக்குத்தான் கொடுக்கிறார். ரூம் பிடித்துக் கொடுத்ததும் சபைதான். அந்தப் பிரதர், பாஸ்டருக்கு வேண்டப்பட்டவர். அதாவது இந்தப் பெண்ணின் பர்ஸ், கூரை, கழுத்து மூன்றின் மேலும் கை வைத்திருக்கிற ஒருவர்தான் அவருடைய மனசாட்சிக்கும் ஆலோசகர்.

என் கோபம் இந்த இடத்தில்தான். இப்படி நடக்கக் கூடாது என்று கிறிஸ்தவத்துக்கு நானூறு ஐநூறு வருஷங்களாகத் தெரியும். தெரிந்தும் நம் ஊர் விசுவாசிகளிடம் அதை யாரும் சொல்வதில்லை.

கிறிஸ்தவ மரபில் ஆன்ம வழிகாட்டுதல் என்று ஒன்று உண்டு. பாவசங்கீர்த்தனம் வேறு, இது வேறு. அங்கே பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிறீர்கள். இங்கே உங்கள் வாழ்க்கை எந்தத் திசையில் போகிறது, ஜெபத்தில் என்ன நடக்கிறது, எந்தத் தீர்மானம் நிம்மதி தருகிறது, எது உள்ளுக்குள் அரிக்கிறது என்று ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுகிறீர்கள். அவர் கேட்கிறார். பெரும்பாலும் கேட்கத்தான் செய்கிறார். நடுநடுவே ஒரு கேள்வி போடுகிறார். நாலாம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் தனியாக இருந்த துறவிகளைத் தேடிப் போய் ஜனங்கள் பேசிய காலத்திலிருந்து இருக்கிற வழக்கம். ஆண்களை 'அப்பா' என்றும் பெண்களை 'அம்மா' என்றும் கூப்பிட்டார்கள். தமிழ்ச் சொற்கள் மாதிரி இருக்கிறதே என்று யாரும் ஆராய்ச்சிக்குக் கிளம்பிவிட வேண்டாம்!

தமிழுக்கும் இந்த மனசாட்சி விவகாரம் புதிதில்லை. தமிழில் அச்சான முதல் சில புத்தகங்களிலேயே ஒன்று பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. முத்துக்குளித்துறையில் வேலை செய்த அன்றிக் அடிகளார் என்ற போர்த்துகீசியர் தயாரித்தது. வருஷம் 1580. மனிதன் தன் மனசைத் தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அச்செழுத்தில் தமிழனுக்குச் சொல்லி நானூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சரி, வழிகாட்டி எப்படி இருக்க வேண்டும்? இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா எழுதிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548-ல் அச்சாயிற்று. அதில் தியானம் கொடுப்பவருக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. தியானத்துக்கு வந்தவனை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்க்காதே, தராசு முள் மாதிரி நடுவில் நில், கடவுளும் அந்த மனிதனும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும், நீ நடுவில் புகாதே என்பது அதன் சாரம். துறவியாகப் போ என்று தூண்டுவது கூட அந்த நேரத்தில் கூடாது என்கிறார். சாமியாராகப் போகச் சொல்வதே தப்பு என்றால், இந்தப் பிரதரைக் கட்டிக்கொள் என்று சொல்வதை என்னவென்று சொல்ல?

சந்தையில் காய்கறிக்காரர் தராசு முள்ளை விரலால் லேசாகத் தட்டினால் நாம் சண்டைக்குப் போகிறோம். மனசாட்சி விஷயத்தில் முள்ளை ஒருவர் முழுக் கையாலும் பிடித்து அழுத்துகிறார். நாம் அவருக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு வருகிறோம்.

இன்னொரு விஷயம். இக்னேஷியஸ் இந்த வழிகாட்டும் வேலையை ஆரம்பித்தபோது அவர் பாதிரியார் இல்லை. போரில் காலில் அடிபட்ட ஒரு பழைய போர்வீரர், அவ்வளவுதான். குருப்பட்டம் பெற்றது 1537-ல். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 'படிக்காதவன் ஆன்மாக்களுக்குப் புத்தி சொல்கிறான்' என்று ஸ்பெயினில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பதினாலாம் நூற்றாண்டில் இத்தாலியில் சியன்னா கத்தரீனாள் ஆண்களுக்கும் குருக்களுக்கும் வழி சொன்னவர். பட்டம் இல்லை, பதவி இல்லை. 33 வயதில் செத்துப் போனார். நம் ஊரிலும் பாதிரியார்கள் கொஞ்சமாகவும் கிராமங்கள் நிறையவும் இருந்த காலத்தில், உபதேசியார்கள்தான் ஜனங்களோடு இருந்து பார்த்துக்கொண்டார்கள். வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு புத்தகமே எழுதியது அவர்களுக்காகத்தான். கத்தோலிக்கத் தமிழில் வேதியர் என்றால் உபதேசியார் என்று அர்த்தம்.

அவிலா தெரசாளின் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் கன்னிகாஸ்திரீ. ஜெபத்தில் கிறிஸ்துவைக் காண்பதாகச் சொன்னார். அவருக்கு வழிகாட்டியாக வந்த ஒருவர், அது பிசாசு, அடுத்த தரம் வந்தால் கையால் பழிப்புக் காட்டி விரட்டு என்று உத்தரவு போட்டார். யோசித்துப் பாருங்கள். தான் உயிரை வைத்திருக்கிற ஒருவர் எதிரே வந்து நிற்பதாக நம்புகிறார், அவருக்கே பழிப்புக் காட்ட வேண்டும். தெரசாள் வேதனையோடு அதையும் செய்தார். பிறகு தன் வாழ்க்கை வரலாற்றில், அரைகுறைப் படிப்புள்ள வழிகாட்டிகளால் தனக்கு வந்த கெடுதலை வெளிப்படையாகவே எழுதிவிட்டார். அழுததோடு விடவும் இல்லை. தன் மடத்துப் பெண்களுக்கு, வழக்கமாக வருகிற ஒரே குருவிடம்தான் பேச வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது, வேறு படித்தவர்களிடம் போய்க் கேட்கிற சுதந்திரம் வேண்டும், தலைவி அதைத் தடுக்கக் கூடாது என்று வாதாடினார். பெண் வாயைத் திறந்தாலே விசாரணை நடத்துகிற காலத்தில்! 1970-ல் தெரசாளுக்கும் கத்தரீனாளுக்கும் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டத்தைப் போப் கொடுத்தார். அதுவரை ஒரு பெண்ணுக்கும் கொடுத்ததில்லை.

இந்த அனுபவமெல்லாம் கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ம் வருஷத்துச் சட்டப் புத்தகத்தில் விதிகளாகவே இருக்கிறது. குருமடத்தில் ஒரு மாணவனுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும்போது, அவனுடைய ஆன்ம வழிகாட்டியிடம் கருத்தே கேட்கக் கூடாது. குருமட அதிபர், அங்கேயே தங்கிப் படிக்கிற மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தை, அவர்களாகக் கேட்டாலொழிய, கேட்கக் கூடாது. துறவற மடத்தின் தலைவி, உன் மனசைத் திறந்து காட்டு என்று ஒரு சகோதரியைத் தூண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். உங்களுக்கு மார்க் போடுகிறவரும் உங்கள் மனசைக் கேட்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. (கத்தோலிக்கச் சட்டத்துக்கு நான் வக்கீல் இல்லை. இயேசு சபையிலேயே மேலதிகாரியிடம் மனம் திறந்து கணக்குச் சொல்கிற தனி வழக்கம் உண்டு. விதி இருக்கிற எல்லா இடத்திலும் நடைமுறை இருக்கிறது என்றும் நான் நம்பவில்லை.)

ஆனால் கவனியுங்கள், இந்தப் பாதுகாப்பு யாருக்கு? குருமட மாணவர்களுக்கு, கன்னிகாஸ்திரீகளுக்கு. ஓசூர் சிப்காட்டில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிற பெண்ணுக்கு என்ன இருக்கிறது? அவர் கத்தோலிக்கராக இருந்தால், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் முன்னால் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கலாம். முன்னால் முப்பது பேர், பின்னால் முப்பது பேர். கிடைப்பது இரண்டு நிமிஷம். மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். மற்றச் சபையாக இருந்தால் மைக் வைத்த ஜெபம், கூட்டத்தில் எண்ணெய் தடவல், போனில் தீர்க்கதரிசனம். முன்னதில் கேட்க நேரம் இல்லை. பின்னதில் கேட்கிற வழக்கமே இல்லை, சொல்கிற வழக்கம்தான். அந்தப் பெண் பாஸ்டரிடம் ஏன் போனார் என்று திட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஊரை விட்டு வந்து இருக்கிற இடத்தில், 'சாப்பிட்டியாம்மா' என்று கேட்ட முதல் ஆள் அந்தப் பாஸ்டர்தான்.

தராசு முள்ளை அழுத்தினால் எங்கே போய் முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மிகப் பெரிய உதாரணம். ழான் வனியே. மனவளர்ச்சி குன்றியவர்களோடு மற்றவர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிற 'லார்ஷ்' சமூகங்களை 1964-ல் பிரான்ஸில் தொடங்கியவர். ஓசூரிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில், பெங்களூரில், 1970-ல் தொடங்கிய 'ஆஷா நிகேதன்' அந்த இயக்கத்தின் முதல் இந்திய வீடு. அவரை வாழும் புனிதர் என்றார்கள். 2015-ல் டெம்பிள்டன் பரிசு கொடுத்தார்கள். 2019 மே மாதம் இறந்தார். 2020-ல் அவருடைய இயக்கமே நடத்திய விசாரணை அறிக்கை வெளியாயிற்று. ஆன்ம வழிகாட்டுதல் என்ற பெயரில் ஆறு பெண்களை அவர் பாலியல் ரீதியாகச் சுரண்டியிருந்தார். 2023-ல் வந்த விரிவான அறிக்கையில் அந்த எண்ணிக்கை குறைந்தது 25 ஆயிற்று. அவர்களில் மனவளர்ச்சி குன்றியவர்கள் யாரும் இருந்ததாக அறிக்கைகள் சொல்லவில்லை. ஜெபிக்கத் தெரிந்த, நம்பி வந்து மனம் திறந்த பெண்கள்.

வனியேவுக்கு ஆன்மத் தந்தையாக இருந்தவர் தாமஸ் பிலிப் என்ற குரு. இதே காரியத்துக்காக 1956-லேயே வாடிகன் அவரைத் தண்டித்திருந்தது. சிஷ்யர் குருவை விடவில்லை. விஷயம் அறுபது வருஷம் வெளியே வரவும் இல்லை. ஆனால் ஒன்று, லார்ஷ் அமைப்பு அதை மூடி மறைக்கவில்லை. தங்கள் ஸ்தாபகரின் சாயத்தைத் தாங்களே வெளுத்து, உலகத்துக்கே சொன்னார்கள். நம் ஊரில் எந்த மடம், எந்த ஆசிரமம், எந்த ஊழியம் அப்படிச் செய்யும் என்று நினைக்கிறீர்கள்?

'இதற்குத்தான் இந்த வழக்கத்தையே ஒழிக்க வேண்டும்' என்பவர்கள் உண்டு. 2018-ல் கேரளத்தில், ஒரு பெண் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்து ஆர்த்தடாக்ஸ் பாதிரியார்கள் சிலர் அவரை மிரட்டிச் சுரண்டினார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. தேசிய மகளிர் ஆணையத் தலைவர் உடனே, பாவசங்கீர்த்தனத்தையே ஒழித்துவிடலாம் என்று சிபாரிசு செய்தார். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் தப்பு செய்தால் வைத்தியத்தையே ஒழிக்கிற யோசனை. அதே சமயம், 'எங்கள் மத விஷயத்தில் தலையிடாதே' என்று கொதித்தவர்களிடமும் ஒரு கேள்வி. அந்தக் கொதிப்பில் பாதியாவது அந்தப் பெண்ணுக்காக வந்ததா? அதே வருஷம் ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் உலகக் கத்தோலிக்கர்களுக்கு எழுதிய கடிதத்தில் பாலியல் கொடுமையோடு சேர்த்து, அதிகாரக் கொடுமை, மனசாட்சி மீதான கொடுமை என்று மூன்றையும் ஒன்றாகச் சொன்னார். மனசாட்சி மீதான கொடுமை. நம் பஸ் ஸ்டாப் பெண்ணின் மேல் யாருடைய விரலும் படவில்லை. ஆனால் இந்த மூன்றாவது பெயர் அவர் கதைக்குப் பொருந்தும்.

அடுத்த வாதமும் எனக்குத் தெரியும். 'சார், இது குரு சிஷ்ய பூமி. இங்கே குரு என்றால் சரணாகதிதான். தராசு முள், கேள்வி எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்.' குளித்தலை சாந்திவனத்தில் 1950-ல் ஆசிரமம் தொடங்கிய இரண்டு பிரெஞ்சுக் குருக்களில் ஒருவரான ஆன்ரி லெ ஸோ, அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டவர், திருவண்ணாமலையில் ரமணரைப் போய்ப் பார்த்தார். திருக்கோவிலூர்த் தபோவனத்தில் ஞானானந்தரைத் தன் குருவாகவே ஏற்றார். கத்தோலிக்கப் பாதிரியார், ஓர் இந்து சுவாமிகளின் காலடியில்! ரமணர் அவரிடம் எந்தத் தசமபாகமும் வாங்கவில்லை. ஞானானந்தர் அவரை மதம் மாறச் சொல்லவில்லை, பெண் பார்க்கவும் இல்லை. 'நான் யார்' என்று நீயே விசாரித்துப் பார் என்று சொன்னவர் நம் மண்ணின் குருதான். முள்ளை அழுத்துவதற்கு இந்தியப் பாரம்பரியத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். கிறிஸ்தவப் பாரம்பரியமும் சாட்சிக்கு வராது. போதகர், தந்தை, ஆசான் என்றெல்லாம் யாரும் உங்களைக் கூப்பிட விடாதீர்கள் என்ற அர்த்தத்தில் இயேசு பேசியது மத்தேயு 23-ம் அதிகாரத்தில் இருக்கிறது. ஓசூர் சுவர்களில் ஒட்டியிருக்கும் எழுப்புதல் கூட்டப் போஸ்டர்களில் போதகர்களின் படம் இருக்கும் சைஸைப் பார்த்தால், அந்த அதிகாரத்தை மட்டும் யாரோ பைபிளிலிருந்து கிழித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் தர்மபுரி மறைமாவட்டத்துக்குள் வருகிறது. 1997-லிருந்து தனி மறைமாவட்டம். அதைத் தவிர எத்தனையோ சபைகள். இவர்களிடம் நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் உட்கார்ந்து பேச ஓர் அறை, அங்கே காது கொடுத்துக் கேட்கப் பயிற்சி பெற்ற நாலைந்து பேர். அவர்களில் பாதிக்கு மேல் பெண்களாகவும், பட்டம் இல்லாதவர்களாகவும் இருக்கட்டும். காணிக்கைப் பெட்டிப் பக்கம் போகாதவர்களாக, கல்யாணத் தரகு பண்ணாதவர்களாக, 'வேண்டுமானால் வேறு யாரிடமாவது போய்க் கேட்டுக்கொள்' என்று சொல்லக் கூடியவர்களாக இருக்கட்டும். கதவில் ஒரு கண்ணாடி ஜன்னலும் இருக்கட்டும்.

தொரப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண், "நீங்களே சொல்லுங்க சார், பெங்களூர் போகட்டுமா வேண்டாமா?" என்றார். வாராவாரம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிப் பிழைக்கிறவன் நான். 'போம்மா' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தப் பாஸ்டரும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார் என்று தோன்றவே, விழுங்கிவிட்டு, "உங்களுக்கு என்ன தோணுது?" என்றேன். அது தெரிந்தால் உன்னை ஏன் கேட்கிறேன் என்பது போல ஒரு முறை முறைத்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார். பஸ் வந்து, ஏறி, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வரை பேசினார். அம்மாவைப் பற்றி, தம்பி படிப்பைப் பற்றி, கன்னடம் தெரியாததைப் பற்றி, ஜெபிக்கும்போது பாஸ்டர் முகம்தான் வருகிறது, இயேசு முகம் வருவதில்லை என்பதைப் பற்றி.

இறங்கும்போது, "இப்படிச் சும்மா கேட்கிற ஆள் ஓசூர்ல எங்க சார் இருக்காங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் செல் நம்பர் என்னிடம் இருக்கிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள். விலாசம் மட்டும் போதும். கர்த்தர் உங்களுக்கு என்ன காட்டினார் என்று எழுத வேண்டாம்.